பஸ் படியில் ஒரு கால்

டயாலிசிஸ் என்பது மனு போடாமலே கிடைக்கிற வேலை. ஷிப்ட் உண்டு, லீவு கிடையாது, ராஜினாமா என்று வாயெடுத்தால் வீட்டில் அழுவார்கள்.

படுத்திருப்பதுதான் வேலையே. பார்க்கிறவர்களுக்குச் சுகமான உத்தியோகமாகத் தெரியும். ஒரு கையில் இரண்டு ஊசியை வாங்கிக்கொண்டு, அந்தக் கையை அசைக்காமல், மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தபடி அரை நாள் கிடந்தவர்களுக்குத்தான் அதன் சுகம் புரியும். இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் அப்படிக் கிடந்தபடியேதான் படிப்பீர்கள். மீதிப் பேர் வெளியே பெஞ்சில் டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். இரண்டு பேருக்கும் நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

என் பெயர் ஏழுமலை. அரக்கோணத்திலிருந்து திருத்தணி வழியாகப் பொதட்டூர்பேட்டை போகிற தனியார் பஸ்ஸை வருஷக்கணக்காக ஓட்டியவன். படிப்பு குறைவு, ஞாபகம் அதிகம். எனக்கு யார் என்ன செய்தார்கள் என்பதை நான் மறப்பதில்லை. கிட்னி கெட்டதே அதனால்தான் என்கிறாள் என் மனைவி. சர்க்கரையாலும் பிரஷராலும் என்கிறார் டாக்டர். இந்த ஒரு விஷயத்தில் நான் டாக்டர் பக்கம்.

பக்கத்துக் கட்டில்

முதல் நாள் திருத்தணி ஆஸ்பத்திரியில் என்னைப் படுக்கவைத்து, ஊசி போட்டு, மெஷினை ஓடவிட்ட பிறகுதான் பக்கத்துக் கட்டிலைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணையா. என் பழைய கண்டக்டர். எழுந்து போகலாம் என்றால் கை மெஷினில் இருக்கிறது. இந்த வேலையில் பக்கத்து ஆளைத் தேர்ந்தெடுக்கிற வசதி கிடையாது என்பது உங்களுக்கே தெரியும்.

கோபம் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். பஸ் டிரைவருக்குப் பின்வாசல் தெரியாது. கண்ணாடியில் கூட்டம் தெரியும், கால் தெரியாது. கண்டக்டர் ஒரு விசில் அடித்தால் நிறுத்த வேண்டும், இரண்டு விசில் அடித்தால் எடுக்க வேண்டும். ஒரு நாள் இரண்டு விசில் கேட்டது, எடுத்தேன். பூக்கூடையோடு ஒரு அம்மா படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக இருந்திருக்கிறார். விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. முதலாளி விசாரித்தபோது கண்ணையா சொன்னது இவ்வளவுதான்: நான் விசில் கொடுக்கவில்லை, அவரே எடுத்துவிட்டார். அதோடு என்னை வண்டியிலிருந்து இறக்கினார்கள். அப்புறம் எந்த பஸ் கம்பெனியும் என்னை எடுக்கவில்லை. கடைசிவரை செங்கல் லாரி. பஸ் ஓட்டினபோது ஊரே என்னை 'டிரைவர்' என்று கூப்பிட்டது. லாரி ஓட்டினபோது 'ஓரமா போ' என்றது.

கண்ணையா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். நர்ஸைக் கூப்பிட்டுச் சொன்னான்:

"சிஸ்டர், வேற கட்டில் இருந்தா மாத்துங்க. இந்த டிரைவரோட ஓட வேண்டிய தூரத்த எல்லாம் நான் ஓடி முடிச்சிட்டேன்."

வண்டி உனக்காக நிக்காது

வேறு கட்டில் இல்லை. மாதங்கள் ஓடின. படுத்துப் படுத்து என் தொடை இரண்டும் சூம்பிப்போயின. நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக் கையை ஊன்றினேன். கக்கூஸ் போய்வந்தால் மூச்சு வாங்கியது. என் மகன் தணிகாசலம் பைக்கில் கொண்டுவந்து விடுவான், பைக்கில் கொண்டுபோவான். முன்னால் அவன், பின்னால் என் மனைவி, நடுவில் நான். கயிறு மட்டும்தான் கட்டவில்லை.

ஒரு நாள் ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் வந்திருந்தேன். மெஷின் இல்லாத நாள். மகன் வரத் தாமதமானது. நமக்கென்ன, பஸ்ஸில் போவோம் என்று மெதுவாக பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். நான் ஓட்டிய அதே ரூட் வண்டி நின்றது. வண்டி புதுசு, பெயிண்ட் புதுசு, போர்டில் ஊர்ப் பெயர் மட்டும் பழசு. வலது கையால் கம்பியைப் பிடித்து, ஒரு காலைப் படியில் வைத்தேன். மற்ற கால் தரையை விட்டு எழவில்லை. இடது கை ஊசி போடுகிற கை, அதைக் கொடுத்து இழுக்கக் கூடாது. மறுபடி முயற்சி செய்தேன். பஸ் நகரும்போதே தாவி ஏறின கால் இது. பின்னால் நின்றவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு ஏறினார்கள். மீசை கூட சரியாக முளைக்காத கண்டக்டர் படியில் நின்று என்னை மேலிருந்து கீழே பார்த்தான்.

நான் காலை எடுத்தேன். பஸ் போய்விட்டது. மகனிடம் பஸ்ஸே வரவில்லை என்று சொன்னேன். அன்றிலிருந்து சாப்பிடும்போதும் படுக்கும்போதும் அந்தப் படிதான் கண்ணுக்கு முன்னால் நின்றது. எனக்கு வேறெதுவும் வேண்டாம். யார் கையும் பிடிக்காமல் அந்த வண்டியில் ஒரு தடவை ஏற வேண்டும். ஏனென்றால் அந்தப் பையன் சொன்னது இது:

"பெருசு, ஏறுறதுன்னா ஏறு, இல்லன்னா ஓரமா நில்லு. வண்டி இன்னா உனக்காகவா நிக்கும்?"

பிரேக் கால்

கொஞ்ச நாள் கழித்து எங்கள் வார்டுக்கு ஷபானா வந்தாள். உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பெண். அரக்கோணத்துக்காரி. அவள் அப்பா மெக்கானிக். ஒவ்வொரு கட்டிலாகப் போய், "உடம்பு கொஞ்சம் தேறினா மொதல்ல இன்னா செய்யணும் உங்களுக்கு?" என்று கேட்டாள். ஒருவர் மாம்பழம் என்றார். இன்னொருவர் பேரன் கல்யாணம் என்றார். நான், "பஸ்ஸுல ஏறணும்" என்றேன். "எங்க போறதுக்கு?" என்றாள். "எங்கயும் போறதுக்கு இல்ல. ஏறணும்." வார்டே சிரித்தது. கண்ணையா சிரிக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஷபானா ஒரு பெடல் கொண்டுவந்தாள். பழைய சைக்கிள் பெடலை இரும்புச் சட்டத்தில் வைத்து அவள் அப்பா வெல்டிங் அடித்தது. மெஷின் ஓட ஆரம்பித்ததும், பிரஷர் பார்த்து, கட்டிலின் கால்மாட்டில் அதை மாட்டுவாள். படுத்தபடியே மிதிக்க வேண்டும். டாக்டரும் சரி என்றார். கால் முழுக்க எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு குறுகுறுப்பு இருக்குமே, நீட்டினாலும் போகாது, மடக்கினாலும் போகாது, அடித்துக்கொள்ளலாம் போல இருக்குமே, உங்களில் பலருக்கும் இருக்கும். மிதித்தால் அது அடங்கியது. அதற்காகவே மிதித்தேன்.

ஆனால் என் வலது கால் ஸ்டியரிங்குக்குக் கீழேயே வாழ்ந்த கால். பெடல் கொஞ்சம் வேகமெடுத்ததும், சொல்லாமலே பிரேக் போட்டுவிடும். சட்டம் 'டக்'கென்று நின்று கட்டிலே குலுங்கும். மறுபடி எடுப்பேன், மறுபடி டக். "எதுக்கு நிறுத்துறீங்க, எதிர்ல மாடா வருது?" என்று ஷபானா கேட்டாள். கண்ணையா அவளிடம் சொன்னான்:

"ஷபானாம்மா, நீ வெசனப்படாத. இவரு வண்டில ஏறின எவனும் நேரத்துக்கு ஊர் போய்ச் சேந்ததில்ல."

டிக்கெட் இல்லாத ஆள்

நம் வேலையில் தண்ணீர்தான் எதிரி. தொண்டை காய்ந்து நாக்கு ஒட்டிக்கொள்ளும், ஒரு டம்ளர் குடித்தால் எடை மெஷின் காட்டிக்கொடுத்துவிடும். அந்த வாரம் வெயில். பஸ் ஸ்டாண்டு ஜூஸ் கடையில் ஐஸ் கட்டி வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். ஐஸ்தானே, கெட்டியாக இருக்கிறது, தண்ணீர்க் கணக்கில் வராது என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். ஒன்று கரைந்ததும் இன்னொன்று. இரண்டு நாள் இதே வேலை.

எடை ஏறிப்போயிருந்தது. அவ்வளவு நீரையும் மெஷின் இழுக்க இழுக்க, முடிகிற நேரத்தில் கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டது. அந்த வலி உங்களுக்குத் தெரியும், நான் எழுத மாட்டேன். கத்தக்கூட வாய் வரவில்லை. சிஸ்டர் அடுத்த அறையில் இருந்தார். அப்போது கண்ணையா சும்மா இருந்த கையின் இரண்டு விரலை வாயில் வைத்து, நீளமாக ஒரு விசில் அடித்தான். ஒன்றே ஒன்று. வார்டு முழுக்கத் திரும்பியது. சிஸ்டர் ஓடிவந்து, இழுப்பதை நிறுத்தி, பாதத்தை மேலே மடக்கி அழுத்தினார். வலி இறங்கியது. அவன் அன்று விசிலைச் சரியாகத்தான் அடித்தான். அன்று மட்டும்.

சிஸ்டர் என் எடையைப் பார்த்துவிட்டு, என்ன குடித்தீர்கள் என்று அதட்டினார். ஒன்றும் குடிக்கவில்லை என்றேன். அது உண்மை, வாயில் போட்டுச் சப்பத்தான் செய்தேன். கண்ணையா கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"நல்லா தேடுங்க சிஸ்டர். ஆள் கணக்கு இடிக்குது. எவனோ டிக்கெட் வாங்காம உள்ள பூந்திருக்கான்."

செருப்பு

மெஷின் இல்லாத நாட்களில் வீட்டில் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்ந்து பழகு, கொஞ்சம் கொஞ்சமாக நட என்று ஷபானா சொல்லியிருந்தாள். நான் எழுந்தால் மனைவி ஓடிவருவாள். "இன்னா வேணும்?" ஒன்றும் வேண்டாம் என்று உட்காருவேன். மறுபடி எழுவேன். "இன்னா வேணும்னு கேக்கறேன்ல?" ஒரு காலையில் என் முன்னால் விசிறி, துண்டு, மாத்திரை டப்பா, செய்தித்தாள், மூக்குக்கண்ணாடி எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. நடந்துவிட்டு வருகிறேன் என்றால் மகன் சண்டைக்கு வருவான். "நைனா, நீ எங்கனா வுழுந்து வெச்சா யாரு பாக்கறது?" என்று என் செருப்பை எடுத்து பீரோ மேலே போட்டுவிட்டான். அதையும் நான் மறக்கவில்லை.

செருப்பில்லாமலே கிளம்பினேன். ஆடி மாதம். மற்ற வேட்டிகளை மனைவி துவைக்காமல் வைத்ததில், கிடைத்தது ஒரு மஞ்சள் வேட்டிதான். வெறுங்கால், மஞ்சள் வேட்டி, தாடி வேறு. ரோடெல்லாம் காவடிக்காரர்கள். ஒரு கும்பல் எனக்கு வழிவிட்டது. ஒரு பெண் குழந்தையை என் காலில் விழவைத்தாள். நான் உடற்பயிற்சிக்குப் போகிறேன் என்று எப்படிச் சொல்வது? மோர்ப் பந்தலில் இரண்டு பேர் என்னை மறித்துப் பெரிய டம்ளரை நீட்டினார்கள். கொத்தமல்லி மிதக்கிற மோர். என் கண் அதிலேயே நின்றது. வேண்டாம் என்றேன். தண்ணீராவது குடியுங்கள் என்றார்கள். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தேன். தார் ரோட்டில் காலைச் சுட்டுக்கொண்டதற்கு ஷபானா பிறகு என்னைத் திட்டியது தனிக் கதை. கால் புண்ணானால் நம்மவர்களுக்கு ஆறாது, நீங்கள் யாரும் இப்படிச் செய்யாதீர்கள். பந்தலில் இருந்த பெரியவர் மட்டும் தன் ஆட்களிடம் தழுதழுத்துச் சொன்னது என் காதில் விழுந்தது:

"பாருங்கடா, இதான் விரதம். ஒரு சொட்டுத் தண்ணி பல்லுல படாம மலைக்குப் போறாரு சாமி!"

ஒரே படி

மகன் செருப்பை இறக்கிக்கொடுத்தான். அவனாகக் கொடுக்கவில்லை, ஷபானா போன் செய்து பேசினாள். பஸ் ஏற வேண்டுமென்றால் படி ஏறிப் பழக வேண்டும். இந்த ஊரில் படிக்குப் பஞ்சமில்லை. மலையடிவாரத்தில், கடைகள் இருக்கிற இடத்தில், கீழே இருக்கிற சில படிகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். சாயங்கால வேளை, ஏறுவது, உட்காருவது, இறங்குவது. மூச்சு வாங்கும், ஆனால் பேச முடிகிற அளவுக்குத்தான் வாங்க வேண்டும் என்பது ஷபானாவின் கணக்கு. பேசுவதற்குத்தான் ஆள் இல்லை.

ஆள் வந்தான். ஒரு நாள் பார்த்தால் எதிர்ப்பக்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணையா ஏறுகிறான். ஷபானா அவனுக்கும் அதே படியைச் சொல்லியிருக்கிறாள். அவன் என்னைப் பார்க்காத மாதிரி கோபுரத்தைப் பார்த்தான். நான் கற்பூரக் கடையைப் பார்த்தேன். அவன் ஒரு படி மேலே போனால் எனக்குக் கால் நிற்காது, நானும் ஒரு படி மேலே போவேன். நான் உட்கார்ந்தால் அவனும் அப்பாடா என்று உட்காருவான். இப்படியே நாளும் போனது. உண்மையைச் சொன்னால், அவன் வராத நாட்களில் நான் சீக்கிரமே வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். ஒருத்தனைத் தோற்கடிக்க வேண்டும் என்று வந்தால் அவன் வர வேண்டாமா?

படியோரம் பூ விற்கிற அம்மா எங்களைத் தினமும் கவனித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் அவருக்குப் பொறுக்கவில்லை:

"மேல போயி சாமியும் பாக்கறதில்ல, ஒருத்தர் மூஞ்ச ஒருத்தரும் பாக்கறதில்ல. இன்னா, இந்தப் படி மேல கேஸ் எதுனா நடந்துகினு கீதா உங்களுக்கு?"

இரண்டு விசில்

கடைசியில் ஒரு நாள் காலையில், மெஷின் இல்லாத நாளில், வீட்டில் சொல்லாமல் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். சொன்னால் மூன்று பேர் வந்து தாங்கிப் பிடிப்பார்கள், பிறகு ஏறினது நானா அவர்களா என்று எனக்கே தெரியாது. அதே பஸ். அதே பையன். மூன்றாவது ஆளாக, கையில் பையோடு கண்ணையா. பொதட்டூர்பேட்டையில் அவன் மகள் வீடு இருக்கிறது. அவனைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். விழுந்தால் இவன் கண் முன்னால்தான் விழ வேண்டுமா? ஆனால் கால் நிற்கவில்லை. இத்தனை நாள் ஏறி இறங்கின கால், படியைக் கண்டதும் தானாகவே போனது.

வலது கையால் கம்பி. ஒரு கால் படியில். தொடை நடுங்கியது, ஆனால் பிடித்துக்கொண்டு நின்றது. மற்ற கால் தரையை விட்டு எழுந்து, நடுவில் நின்றது. உள்ளே பையன், "சீக்கிரம், சீக்கிரம், டைமாவுது" என்றான். தலை நிமிர்ந்தேன். அவன் கன்னம் உப்பியிருந்தது. விசில் உதட்டில். டிரைவருக்கு என் கால் தெரியாது. அது எனக்குத் தெரிகிற மாதிரி வேறு யாருக்கும் தெரியாது.

விசில் வரவில்லை. என் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு பையன் வாயிலிருந்து விசிலைப் பிடுங்கியிருந்தது. அந்தக் கையில் ஊசித் தழும்பு. கண்ணையா எனக்குக் கை கொடுக்கவில்லை, முதுகிலும் கை வைக்கவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு நின்றான், அவ்வளவுதான். பின்னால் இருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். அவன் அசையவில்லை. நான் இரண்டாவது காலை மேலே வைத்தேன். அடுத்த படி. உள்ளே போய், காலியாக இருந்த முதல் சீட்டில் உட்கார்ந்தேன். அழவில்லை, அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கண்ணையா ஏறி, நான் உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு, என்னிடம் பேசாமல் பையன் பக்கம் திரும்பினான். விசிலைத் துண்டில் துடைத்து அவன் கையில் வைத்தான்.

"தம்பி, ஒரு கால் கீழ இருக்கும்போது விசில் அடிக்காத. நான் ஒரு தபா அடிச்சிட்டு, அடிக்கலன்னு சொல்லிட்டேன். பாவம், அதுல ஒரு டிரைவருக்கு சீட்டு போச்சு."

பையன் இரண்டு விசில் கொடுத்தான், பஸ் கிளம்பியது. எங்கள் வார்டு மெஷின் ரத்தத்தில் இருக்கிற எல்லாக் கழிவையும் எடுத்துவிடுகிறது, கண்ணையா மேல் இருக்கிற கோபம் மட்டும் அதில் சிக்கவில்லை, அதைக் குறைக்க நானும் அவனும் இன்னும் கொஞ்ச நாள் அந்தப் படியில் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது.